தாடை மூட்டு வலி: அடுத்த பல்லையும் பிடுங்குமுன்

விடியற்காலை ஐந்து மணி. லயத்து அடுப்பில் ரொட்டி சுடுகிறார்கள். பெரட்டுக்குப் போகுமுன் வீட்டில் எல்லாரும் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு அம்மா மட்டும் தன் பங்கைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு விழுங்குகிறார். "ஏம்மா, ரொட்டிய கடிக்க முடியலையா?" என்று கேட்டோம். "பல்லு வலிங்க. இந்தப் பக்கம் மூணு பல்லு புடுங்கியாச்சு. இன்னும் வலி போகல. நாலாவதையும் புடுங்கச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார்.

வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னோம். அவர் விரல் பல்லுக்குப் போகவில்லை, காதுக்கு முன்னால் போய் நின்றது. வாயைத் திறந்து மூடச் சொன்னபோது, மணலை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் பக்கத்தில் இருந்த எங்களுக்கே கேட்டது. வலி பல்லில் இல்லை. தாடை மூட்டில் இருந்தது. பிடுங்கிய மூன்று பல்லும் இனித் திரும்பி வராது.

இப்படிப்பட்டவர்களை ஒவ்வொரு டிவிசனிலும் பார்க்கிறோம். முழங்கால் வலி, இடுப்பு வலி என்றால் நம் ஆட்களுக்கு உடனே புரியும். தாடையிலும் ஒரு மூட்டு இருக்கிறது, அதற்கும் வாதம் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே இந்த இதழின் சுகாதாரப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மூட்டு எங்கே இருக்கிறது?

இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு எலும்பு உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடையின் மேல் முனையில் உருண்டையான ஒரு குமிழ் இருக்கிறது. மண்டை ஓட்டில் அதற்கேற்ற ஒரு குழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை போல ஒரு சவ்வுத் தட்டு. வாயைத் திறக்கும்போது குமிழ் முதலில் கதவுக் கீல் மாதிரிச் சுழலும், பிறகு தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் வழுக்கும். சுழலவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை மூட்டைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

வலது மூட்டும் இடது மூட்டும் ஒரே எலும்பில்தான் மாட்டியிருக்கின்றன. ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களை இழந்தவர் மற்றப் பக்கத்திலேயே மென்று பழகுவார். பல்லை இறுகக் கடிக்கும் பழக்கமும் இந்த மூட்டுக்குக் கூடுதல் பாரம். சிலர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். கொழுந்துச் சுமையோடு மேட்டில் ஏறும்போது தன்னை அறியாமல் கடிப்பவர்களும் உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு இடையில் சிறு இடைவெளி இருக்க வேண்டும்.

எந்த வாதம்?

வாயைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து, வலியோ பிடிப்போ இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. நல்ல சுகமாக இருக்கும் எத்தனையோ பேருக்கு அந்தச் சத்தம் உண்டு. மணல் அரைபடும் சத்தமும், மெல்லும்போது வலியும், காலையில் இறுக்கமும் சேர்ந்து வந்தால் மூட்டுத் தேய்மானம் என்று சந்தேகப்படலாம்.

தேய்மான வாதத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. முழங்கால் போல இது வருடா வருடம் மோசமாகிக்கொண்டே போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வலி சில மாதங்களில், அல்லது ஓரிரு வருடங்களில், தணிந்துவிடுகிறது. சத்தம் மட்டும் மிஞ்சும். எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரிகிற சிலருக்கு வலியே இருக்காது. ஆகவே படத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

முடக்குவாதம் வேறு சாதி. அது ஒரு மூட்டோடு நிற்காது. காலையில் எழும்பும்போது இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இருக்கும். கொழுந்து கிள்ளுகிற விரல் அது, ஆகவே நம் பெண்கள் அதை முதலில் கவனிப்பார்கள். தாடையையும் அது தாக்கலாம். குமிழ் கரைந்து உயரம் குறையும்போது கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டி, முன்பற்கள் சேராமல் போகும். இந்த வாதத்துக்குத் தாடையை மட்டும் பார்த்துப் பயனில்லை. இரத்தப் பரிசோதனை செய்து உடம்பு முழுவதுக்கும் மருந்து எடுக்க வேண்டும். இதற்குக் கிளினிக்கில் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் என்ற குளிசை கிழமைக்கு ஒரே ஒரு நாள் எடுப்பது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிளினிக் கொப்பியை வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எந்தக் கிழமை என்று கலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வாய் திறக்காததெல்லாம் மூட்டு வாதம் அல்ல

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நுழையுங்கள். சாதாரணமாக மூன்று விரலும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் ஏதோ குறை இருக்கிறது. ஒன்றுதான் போகிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

எங்களிடம் ஒரு ஐயா வந்தார். "வாதம் புடிச்சிருச்சுங்க, வாய் தொறக்க மாட்டேங்குது" என்றார். விரல் வைத்துப் பார்த்தோம், இரண்டு கூட முழுதாகப் போகவில்லை. ஆனால் காதுக்கு முன்னால் அழுத்தினால் வலி இல்லை, சத்தமும் இல்லை. "உறைப்பு சாப்பிட்டா வாய் எரியுதா?" என்று கேட்டோம். "அது ரெண்டு மூணு வருசமாவே எரியுதுங்க" என்றார். கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறிப்போய், நார் நாராக இறுகியிருந்தது. பையில் வெத்தலையும் பாக்கும் புகையிலையும் இருந்தன.

இது மூட்டு வருத்தம் அல்ல. வாயின் உட்தோலுக்கு அடியில் நார் வளர்ந்து கன்னம் விறைக்கும் நோய். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியர், கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு எழுதினார். நம்மைப் போலக் கடல் கடந்து போன இடத்துக்கும் வெத்தலைப் பையைக் கொண்டுபோனவர்கள் அவர்கள். காரணம் பாக்கு என்று பிறகு தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல், புகையிலை சேராத வெத்தலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று அறிவித்தது. "நான் பொகையெல போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்து, வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு என்று பார்த்த ஆய்வு ஒன்றும் 2007இல் வெளிவந்திருக்கிறது. அதாவது இது நம் லயங்களைப் பற்றிய விஷயம்.

குளிரிலும் மழையிலும் மலையில் நிற்பவருக்கு வெத்தலை ஒரு துணை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இறுகிய நார் திரும்ப இளகுவது அரிது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம், வாய்ப் பயிற்சியாலும் ஊசியாலும் கொஞ்சம் திறக்க வைக்கலாம். இப்படிப்பட்டவர்களில் ஒரு பங்கினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதால், வாழ்நாள் முழுவதும் கிளினிக்கில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இவருக்கு மூட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே.

அவசரமான இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். கவ்வாத்துக் கத்தி வெட்டியோ, ஆணி குத்தியோ சில நாட்களுக்குப் பிறகு தாடை இறுகிப் பூட்டிக்கொண்டால் அது ஏற்புவலியாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று, மேட்டில் ஏறும்போது மட்டும் தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றால் அது இருதய வலியாக இருக்கலாம். நெஞ்சு அடைப்பும் வியர்வையும் சேர்ந்தால் லொறியோ வானோ கிடைத்ததில் ஏற்றி அனுப்புங்கள். மெல்லும்போது வலிப்பது தாடை. நடக்கும்போது வலிப்பதைத் தாடை என்று எண்ணி இருந்துவிடக்கூடாது.

முதலில் செய்ய வேண்டிய வைத்தியம்

உண்மையான தாடை மூட்டு வாதத்துக்குக் கத்தி தேவைப்படுவது மிகச் சிலருக்கே. மற்றவர்களுக்கு வீட்டுப் பக்குவமும் பொறுமையும் போதும்.

மூட்டுக்கு ஓய்வு கொடுப்பது முதல் வேலை. கையொடிந்தால் தொட்டில் கட்டுவோம், தாடைக்குத் தொட்டில் கட்ட முடியாது. ஆகவே சாப்பாட்டை மாற்ற வேண்டும். நாலைந்து கிழமைக்கு ரொட்டியைப் பருப்புக் கறியில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிடுங்கள். சோற்றைக் குழைய வடியுங்கள். முட்டை, பருப்பு, மீன், நன்றாக அவிந்த கீரை, கிழங்கு எல்லாம் சாப்பிடலாம். கொட்டைப்பாக்கு, கரும்பு, சோளப் பொத்தி, முறுக்கு வேண்டாம். வலிக்குப் பயந்து வெறும் கஞ்சியோடும் தேத்தண்ணியோடும் இருந்துவிடுகிற அம்மாமார் சிலர் உண்டு. அது தப்பு. ஏற்கனவே இரத்தம் குறைந்த உடம்பு, மலையில் தலை சுற்றி விழும். மென்மையான சாப்பாடு என்றால் குறைந்த சாப்பாடு என்று அர்த்தமல்ல.

கொட்டாவி வந்தால் முஷ்டியை நாடிக்குக் கீழே கொடுத்து, வாய் அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிட்டால் தாடை நழுவியிருக்கிறது. யாரும் தட்டவோ அடிக்கவோ வேண்டாம், ஆஸ்பத்திரியில் சில நிமிடத்தில் திருப்பி வைத்துவிடுவார்கள்.

துணியைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில், காலையும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தைலம் பூசுவதால் சுகமாக இருந்தால் பூசலாம். அது தோலுக்கு மேலே சுகம் தரும், மூட்டுக்குள் போகாது. ஒத்தடம் கொடுத்த கையோடு பயிற்சி. நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, ஒரு நாளில் நாலைந்து தடவை. கண்ணாடி முன்னால் நின்று செய்தால் தாடை ஒரு பக்கம் இழுக்காமல் நேரே இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

பனடோல் வலியைக் குறைக்கும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்த உடம்புக்காரருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் அதுவே கூடுதல். இபுபுரோபன், டைக்ளோபினக் போன்றவை வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் வைத்தியர் சொல்லிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது. "பக்கத்து வூட்டு அக்காவுக்குக் கொடுத்த குளுசை" என்று கேட்டு வாங்கிப் போடுவது தோட்டத்தில் பெரிய பழக்கம். இதை விட்டால் பாதி வயிற்று வலி இல்லாமல் போகும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் கேட்காவிட்டால் பல் வைத்தியர் இரவில் பல்லின் மேல் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து கொடுப்பார். கடிக்கும் பாரத்தை அது தாங்கும். அடுத்த படி, மூட்டைக் கழுவுவது. விறைக்க ஊசி போட்டு, மெல்லிய ஊசிகள் இரண்டை மூட்டுக்குள் செலுத்தி, ஒன்றின் வழியாக உப்பு நீரைப் பாய்ச்சி மற்றதால் வெளியே விடுவார்கள். உள்ளே சேர்ந்திருக்கும் அழற்சிக் கழிவு அதோடு வந்துவிடும். 1991இல் எழுதப்பட்ட முறை இது, வெட்டு இல்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அதற்கும் மேலே, சிறு குழாய்க் கமரா விட்டுப் பார்த்துச் செய்யும் சிகிச்சையும், மூட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையும் உண்டு.

மூட்டு மாற்று யாருக்கு?

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களைப் பற்றி இப்போது எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். "அது மாதிரி தாடையும் மாத்திட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் அது கடைசிப் படி. ஏன் கடைசிப் படி என்பதற்கு ஒரு கசப்பான கதை உண்டு.

1980களில் அமெரிக்காவில் டெப்லோன் கலந்த ஒரு செயற்கைத் தட்டை ஆயிரக்கணக்கானவர்களின் தாடை மூட்டில் வைத்தார்கள். முதலில் நல்லாத்தான் இருந்தது. பிறகு மெல்லும் பாரத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தத் துகள்களை எதிர்த்து உடம்பு சண்டை போட, பக்கத்து எலும்பும் சேர்ந்து கரைந்தது. 1990, 1991 காலத்தில் அரசாங்கம் தலையிட்டு அதை நிறுத்தியது. வைத்தவர்களில் பலர் அதை எடுப்பதற்கும் அதன் சேதத்தைச் சரிசெய்வதற்கும் திரும்பத் திரும்ப மேசையில் ஏற வேண்டியிருந்தது. சிறு வலிக்கு அவசரப்பட்டு வைத்துக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இன்றைய மூட்டு அப்படியல்ல. குழிக்குக் கடினமான பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக், குமிழுக்குக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம், ஆணியால் எலும்பில் பொருத்துவது. சி.டி. ஸ்கேன் எடுத்து அந்த ஆளுக்கென்றே அளந்து செய்வதும் உண்டு. அமெரிக்காவில் ஒரு வகைக்கு 1999இலும் இன்னொரு வகைக்கு 2005இலும் அனுமதி கிடைத்தது. இப்படி அளந்து வைத்த 111 பேரில் 56 பேரைச் சுமார் இருபது வருடம் கழித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வலி குறைந்தும் வாய் கூடுதலாகத் திறந்தும் இருந்ததை அது காட்டியது.

யாருக்கு வைக்கலாம் என்று பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2008இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டார்கள். வாய் 35 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் திறப்பது, அதாவது நம் மூன்று விரல் போகாதது. வலிக்குப் பத்தில் மார்க் போட்டால் ஐந்துக்கு மேல் வருவது. சாப்பாட்டுக்கு மார்க் போட்டால், வெறும் தண்ணி ஆகாரம் பூச்சியம், எல்லாம் சாப்பிட முடிவது பத்து, அதில் ஐந்துக்குக் கீழே இருப்பது. குமிழ் கரைந்து கடி கெட்டுப்போவதும் கணக்கில் சேரும். இவற்றோடு, முதலில் சொன்ன வைத்தியமெல்லாம் செய்து பார்த்தும் பலிக்காமல் இருக்க வேண்டும். எலும்போடு எலும்பு ஒட்டிப்போனவர்கள், முடக்குவாதத்தால் மூட்டை இழந்தவர்கள், முன்பு செய்த சத்திரசிகிச்சை கெட்டுப்போனவர்கள், இவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஊறவைத்த ரொட்டியும் ஒத்தடமும் இன்னும் செய்து பார்க்காதவருக்கு மூட்டு மாற்றைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

செய்துகொள்பவர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். செயற்கை மூட்டு சுழலும், வழுக்காது. ஆகவே பழைய வாய் முழுதாகத் திரும்ப வராது. காதுக்கு முன்னால் வெட்டும் இடத்தின் அருகே முக நரம்பு ஓடுகிறது. சிலருக்குப் புருவமோ கண்ணிமையோ கொஞ்ச காலம் பலமிழக்கலாம், அரிதாக நிரந்தரமாகவும். கிருமி தொற்றினால் மூட்டைக் கழற்ற நேரிடும். அதனால் வாயில் சீழ் பிடித்த பல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள், சீனி வருத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். பிறகு மாதக்கணக்கில் வாய்ப் பயிற்சி. பயிற்சியை விட்டால் திரும்ப இறுகிவிடும்.

செலவும் கூடியது. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்துத் தனியார் இடத்துக்கு ஓடுமுன், அரசாங்க வைத்தியசாலையில் முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இலவசமாக ஒரு அபிப்பிராயம் கேளுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்பதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

நாடி அடிபட்ட பிள்ளைகள்

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லயத்துப் படியிலோ சீமெந்துக் கானிலோ பிள்ளை குப்புற விழுந்து நாடி கிழிந்தால், தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நாடியில் பட்ட அடி மேலே காதுக்குப் பக்கத்தில் உள்ள குமிழை முறித்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் உள்ளே கசிந்த இரத்தம் இறுகி எலும்பாகி, மூட்டு ஒட்டிப்போகும். வாய் திறக்காது. அந்தப் பக்கத் தாடை வளராமல் முகம் கோணி, நாடி உள்வாங்கிப் போகும். வளரும் பிள்ளைக்கு உலோக மூட்டு வழக்கமாக வைப்பதில்லை, அது பிள்ளையோடு வளராது. ஒட்டிய எலும்பை வெட்டி, பெரும்பாலும் பிள்ளையின் விலா எலும்புத் துண்டை எடுத்து வைப்பார்கள். அதெல்லாம் வேண்டாம் என்றால் விழுந்த அன்றே வாய் எவ்வளவு திறக்கிறது, பல் நேராகக் கடிக்கிறதா என்று பார்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளை மடுவத்தில் உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். விழுந்து சில கிழமைகள் கழித்தும் விரல் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் விரல், பிள்ளையின் வாய்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லித் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கிட்ட உள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவு. ஹட்டன் பக்கத்தவருக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியாப் பக்கத்தவருக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கிருந்து தேவைப்பட்டால் பேராதனையில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகிறது.

ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மை. அந்த ஒரு நாளை வீணாக்காமல் இருக்க, போகுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வலி எப்போது தொடங்கியது, மெல்லும்போதா நடக்கும்போதா வருகிறது, எத்தனை விரல் போகிறது, விழுந்ததுண்டா, வேறு எந்த மூட்டு வலிக்கிறது, வெத்தலை எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள். சிங்களம் பேச வராதவர்கள் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகலாம். பழைய எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் மறக்க வேண்டாம். பல்லைப் பிடுங்கலாம் என்று சொன்னால், "மூட்டையும் ஒருக்காப் பாருங்க" என்று காதுக்கு முன்னால் விரல் வைத்துக் காட்டுங்கள்.

நாம் முதலில் சொன்ன அம்மாவுக்கு நாலாவது பல் இன்னும் வாயில் இருக்கிறது. தகடு போட்டுக்கொண்டு தூங்குகிறார். ரொட்டியை இப்போதும் பருப்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார், "பழகிப்போச்சுங்க" என்கிறார். சத்தம் இன்னும் கேட்கிறது. வலி இல்லை.